பெசாக் சமயத்தில் பிரீஸ்கூலில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “எங்கள் மகனுக்கு நாலு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால் யூத சமூக மையம் நடத்தும் பிரீஸ்கூலில் சேர்த்தோம். நாங்கள் யூதர்கள் இல்லை. பெசாக் பண்டிகை வருகிறது, அடுத்த சில வாரம் வகுப்பில் அதுதான் என்று கடிதம் வந்திருக்கிறது. பையன் தவளை, தவளை என்று பாடிக்கொண்டு வீடெல்லாம் குதிக்கிறான். நேற்று ராத்திரி படுக்கும்போது, ‘அந்தப் பாப்பாவை ஏம்மா ஆத்துல விட்டாங்க?’ என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வயதில் இதெல்லாம் தேவையா? மதம் மாற்றுகிற மாதிரி ஏதாவது இருக்குமா? லஞ்சுக்கு என்ன கொடுத்து அனுப்புவது? மாதிரி செடர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், நாங்கள் போகலாமா?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டாயம் போங்கள், அப்பாவும் லீவு போட்டுவிட்டு வரட்டும். செடர் விருந்தின் தொடக்கத்தில் மட்சா என்னும் அந்தத் தட்டை ரொட்டியைத் தூக்கிக் காட்டி, பசித்தவர்கள் எல்லாரும் வந்து சாப்பிடுங்கள் என்று அரமேய மொழியில் ஓர் அழைப்பு சொல்வார்கள். பிறத்தியாரை வாசலில் நிறுத்திவைக்கும் பண்டிகை இல்லை இது.

நான் உங்கள் மகனுடையது போன்ற ஒரு பிரீஸ்கூலில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியையாக இருந்தேன். நானும் யூதர் இல்லை. முதல் வருடம் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கத்தரித்த பேப்பர் தவளைகளையும் பஞ்சு ஆலங்கட்டிகளையும் பார்த்து, ஏதோ கைவேலை வாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பெசாக் பண்டிகையே குழந்தையை நடுவில் உட்காரவைத்துக் கட்டப்பட்ட ஒன்று என்று. அது புரிந்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தமிழ் பைபிளில் பஸ்கா என்று வருவதுதான் பெசாக். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த இஸ்ரவேலர்கள் மோசேயின் பின்னால் விடுதலையாகிப் புறப்பட்ட கதை. யூத நாட்காட்டியில் நீசான் மாதம் 15ஆம் தேதி, அதாவது வசந்த காலப் பௌர்ணமியன்று தொடங்கும். அவர்களுடையதும் சந்திரனைப் பார்த்து எண்ணி, அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்த்துச் சூரியனோடு சரிசெய்துகொள்ளும் கணக்கு. அதனால் நம் பங்குனி, சித்திரைப் பௌர்ணமிகளை ஒட்டியே வரும். 2026இல் ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலோர் 8 நாள் கொண்டாடுகிறார்கள். முதல் இரவு வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து கதை சொல்லிச் சாப்பிடுவதுதான் செடர். அந்தச் சொல்லுக்கு ஒழுங்கு, வரிசை என்று பொருள். அமெரிக்க யூதர்களிடம் பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கில், முந்தைய வருடம் செடருக்குப் போனதாகச் சொன்னவர்கள் 100க்கு 62 பேர். ஜெப ஆலயத்துக்கு அதிகம் போகாத குடும்பங்கள்கூட விடாத சடங்கு இது.

குழந்தைக்காகக் கட்டியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பைபிளின் யாத்திராகமத்திலேயே ‘அந்த நாளில் உன் பிள்ளைக்குச் சொல்’ என்று கட்டளை இருக்கிறது. செடரில் படிக்கும் புத்தகத்தின் பெயரான ஹகாதா என்பதற்கே ‘சொல்லுதல்’ என்றுதான் அர்த்தம். ஆனால் வெறுமனே சொன்னால் போதாது, பிள்ளை கேட்டு அதற்குப் பதிலாகச் சொல்லவேண்டும் என்பது மரபு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், கோப்பையில் இரண்டாவது தடவை திராட்சரசம் ஊற்றும் இடத்தில் பிள்ளை அப்பாவைக் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. கேட்கத் தெரியாத பிள்ளையாக இருந்தால், ‘மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?’ என்று கேட்க அப்பா கற்றுக்கொடுக்கவேண்டும். அதுதான் இன்றைக்கும் வீட்டின் கடைக்குட்டி பாடும் மா நிஷ்தானா. உங்கள் பையன் இன்னும் ஒரு வாரத்தில் அதையும் பாட ஆரம்பித்துவிடுவான், பாருங்கள்.

மிஷ்னாவையும் அதன்மேல் அறிஞர்கள் நடத்திய விவாதங்களையும் சேர்த்த தால்முதில் இன்னும் அழகான விஷயங்கள் இருக்கின்றன. ரபி அகிவா என்னும் அறிஞர் பெசாக்குக்கு முந்தைய நாளில், குழந்தைகள் தூங்கிப் போகாமல் கேள்வி கேட்கட்டும் என்று வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டுக் கொடுப்பாராம். எனக்கு அதைக் கேட்டதும் நம் ஊர்ப் பொரிகடலைதான் ஞாபகம் வந்தது. இன்னொரு இடத்தில், அபாயே என்னும் சிறுவன் (பிற்காலத்தில் பெரிய அறிஞர்) தன்னை வளர்த்த ராபாவின் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் சாப்பிடுவதற்கு முன்பே ராபா சாப்பாட்டுப் பலகையை எடுத்துவிடுகிறார். ‘நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுக்கிறீர்களே?’ என்கிறான் பையன். ‘நல்லது, மா நிஷ்தானா சொல்லும் வேலையை எங்களுக்கு மிச்சம் வைத்துவிட்டாய்’ என்கிறார் ராபா. மனப்பாடமாகச் சொல்லும் கேள்வியைவிட, கண்ணெதிரே ஒன்று மாறியிருப்பதைப் பார்த்துத் தானாகக் கேட்ட கேள்வி உசத்தி என்று பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வகுப்புத் தலைமை ஆசிரியை செய்வதும் இதைத்தான். பெசாக் பாடம் தொடங்கும் நாளில் நாற்காலிகளை எல்லாம் சுவரோரமாக அடுக்கிவிட்டு, தரையில் தலையணைகளைப் போட்டுவைப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். குழந்தைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து திகைத்து நிற்பார்கள். நாற்காலி எங்கே, இன்றைக்குப் படுத்துக்கொண்டா சாப்பிடப்போகிறோம் என்று கேட்பார்கள். செடரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது சுதந்திர மனிதனின் அடையாளம். அந்தக் காலத்தில் ராஜாக்களும் பிரபுக்களும் அப்படித்தான் சாப்பிட்டார்கள், அடிமைக்கு அதற்கு நேரம் ஏது? இதைப் படம் வரைந்து விளக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் மறந்துபோயிருப்பார்கள். தலையணையைப் பார்த்துக் கேட்ட குழந்தை மறக்கவில்லை.

அடுத்து சுத்தம் செய்யும் வாரம். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டுப் புளித்துவிட்டால் அது ஹமேட்ஸ். பெசாக் முடியும்வரை அதைச் சாப்பிடவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே போகிக்கு நாம் வீட்டைக் கவிழ்த்துப் போடுவது போல அவர்களும் அலமாரி அலமாரியாகத் துடைப்பார்கள். வகுப்பில் குழந்தைகள் சோப்புத் தண்ணீரில் பொம்மைகளைக் கழுவுவார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு. நாலு வயதுக் கைக்கு ஒரு கட்டையை ஸ்பான்ஜால் தேய்த்துக் கழுவித் துடைத்து அடுக்குவதைப் போல நல்ல வேலையும் இல்லை. விளையாட்டு மாவு குப்பைக்குப் போகும், அதிலும் கோதுமை இருக்கிறது. மக்ரோனியைக் கோத்து மாலை செய்யும் டப்பாவும் போகும். என் முதல் வருடத்தில் மக்ரோனியை மறந்து அலமாரிக்குள்ளேயே விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது ஒரு மூன்று வயதுப் பெண். அவள் முகத்தில் இருந்த பெருமை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பண்டிகைக்கு முந்தைய இரவில், எஞ்சிய ஹமேட்ஸை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேடி, இறகால் மரக் கரண்டியில் கூட்டி எடுத்து, மறுநாள் காலையில் எரிப்பது வழக்கம். தேடினால் ஏதாவது கிடைக்கவேண்டுமே என்பதற்காகப் பெரியவர்களே பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைப்பதும் உண்டு. வகுப்பில் மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச். விளக்கை அணைத்துவிட்டுப் பத்துத் துண்டையும் தேடி எண்ணிச் சேர்ப்பார்கள். எண் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

மட்சா சுடும் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது விதி. தாண்டினால் புளிக்கத் தொடங்கிவிடும் என்று கணக்கு. ஆகவே பெரிய டைமரை எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம். பிசைந்து, பூரிக்குத் தேய்ப்பது போலத் தேய்த்து, முள்கரண்டியால் குத்திக் குத்தித் துளையிட்டு, ஓடிப் போய் அடுப்பில். உலகவரைபடம் மாதிரி கோணல்மாணலாக வரும், விளிம்பு கருகும், நடுவில் வேகாமல்கூட இருக்கும். பரவாயில்லை. எகிப்து ராஜாவான பார்வோன் மனம் மாறுவதற்குள் கிளம்பவேண்டும், மாவு பொங்கக் காத்திருக்க நேரமில்லை என்ற அவசரம் கதையில் இருக்கிறதே, அது அந்த 18 நிமிடத்தில் குழந்தையின் உடம்புக்கே புரிந்துவிடுகிறது. ‘சீக்கிரம் சீக்கிரம், ராஜா வர்றாரு’ என்று அவர்களாகவே கத்துவார்கள். (இந்த வகுப்பு மட்சா பண்டிகையில் சாப்பிட ஆகாது. அதற்கான மாவைக் கண்காணித்து வைத்து, முறைப்படி சுடும் இடங்கள் இருக்கின்றன. இது கற்றுக்கொள்ள மட்டும்.)

ஒரு வருடம், சுத்தம் செய்யும் வாரத்துக்கு முன்பே, புளிப்பது என்றால் என்ன என்று காட்ட ஒரு கிண்ணத்தில் ஈஸ்ட் போட்ட மாவும் இன்னொன்றில் வெறும் மாவும் வைத்தோம். நான் வீட்டிலிருந்து இட்லி மாவு கொண்டுபோய் மூன்றாவது கிண்ணமாக வைத்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ரப்பர் பேண்டால் கோடு போட்டு வைத்ததால், மறுநாள் எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குழந்தைகளே அளந்தார்கள். ஒரு தாத்தா அன்றைக்குப் பேத்தியை விட வந்தவர், தால்முத் படித்தவர், இட்லி மாவைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு விஷயம் சொன்னார். தால்முத் கணக்கில் அரிசி எவ்வளவு பொங்கினாலும் ஹமேட்ஸ் ஆகாது, அது கெட்டுப்போவது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று. நம் இட்லியைக் கெட்டுப்போனது என்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் விதி அப்படி. உங்கள் லஞ்ச் கேள்விக்கு இது தேவைப்படும்.

சரி, கதைக்கு வருகிறேன், உங்கள் மகன் கேட்ட கேள்விக்கும். இஸ்ரவேலர்கள் பெருகுவதைக் கண்டு பயந்த பார்வோன், பிறக்கும் ஆண் குழந்தைகளை எல்லாம் கொல்லச் சொல்கிறான். மோசேயின் அம்மா குழந்தையை மூன்று மாதம் ஒளித்துவைத்து வளர்த்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல், நாணல் கூடைக்குக் கீல் பூசி அதில் படுக்கவைத்து ஆற்றோரக் கோரைக்குள் விடுகிறாள். அக்கா மிரியாம் தூரத்தில் நின்று காவல் காக்கிறாள். குளிக்க வந்த பார்வோனின் மகளே குழந்தையை எடுத்துவிடுகிறாள். வகுப்பில் பெரும்பாலும் கொலை உத்தரவைச் சொல்லமாட்டார்கள். ‘அந்த ராஜாவால் பாப்பாவுக்கு ஆபத்து இருந்தது, அம்மா அவனைப் பத்திரமாக ஒளித்துவைத்தாள்’ என்பதோடு நிறுத்துவார்கள். பையன் அங்கேதான் தடுக்கி நிற்கிறான், ஆற்றில் விடுவது எப்படிப் பத்திரம் என்று. நல்ல கேள்வி. நீங்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அம்மா அவனைத் தூக்கிப் போடவில்லை, தண்ணீர் புகாத கூடை செய்து வைத்தாள், அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் அந்த அம்மாவே அவனுக்குப் பால் கொடுத்து வளர்க்க வந்துவிட்டாள். கடைசி வரி முக்கியம். அது கதையிலேயே இருக்கிறது: மிரியாம் ஓடிப் போய், பால் கொடுக்க ஓர் ஆளைக் கூட்டிவரட்டுமா என்று இளவரசியைக் கேட்டு, தன் அம்மாவையே அழைத்துவருகிறாள். குழந்தைகளுக்கு வேண்டியது அம்மா திரும்பி வந்தாளா என்பதுதான். வகுப்பில் இதைச் சொல்ல மறந்தால் அன்றைக்குத் தூங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் அழுவார்.

இதற்கு வகுப்பில் செய்யும் வேலையும் அருமையானது. தண்ணீர்த் தொட்டியில் எது மிதக்கும் என்று பார்ப்பது. வைக்கோல், அலுமினியத் தாள், அட்டை, களிமண், மெழுகுத் தாள் எல்லாம் கொடுத்து, ஒரு சின்னப் பொம்மையைச் சுமக்கும் கூடை செய்யச் சொல்வோம். முதலில் எல்லாம் முழுகும். ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று தேடுவார்கள். ஒரு பையன் தன் கூடை முழுகியதும் அழாமல், ‘என் மிரியாம் கூப்பிட்டாள், அதனால் காப்பாத்திட்டேன்’ என்று பொம்மையை எடுத்து மேலே வைத்தான்.

வைக்கோல் கலந்த சேற்றை ஐஸ் தட்டில் அழுத்திக் காயவைத்துச் செங்கல் செய்வதும் நல்ல வேலைதான். அதோடு சேர்த்துச் சில இடங்களில் செய்யும் ஒன்று மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ஆசிரியர் பார்வோனாகக் கிரீடம் வைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக, இன்னும் நிறைய என்று குழந்தைகளை அதட்டி அடிமைகளாக நடிக்கவைப்பது. மூன்று, நாலு வயதில் நடிப்புக்கும் நிஜத்துக்கும் நடுவில் சுவர் மெல்லியது. தான் நம்பும் டீச்சர் திடீரென்று கத்தினால் சிலருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிடும். அதுவும் அமெரிக்காவில், தாத்தாவின் தாத்தா அடிமையாக விற்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் பள்ளியில் அப்படி நடந்தால் தயங்காமல் ஆசிரியையிடம் பேசுங்கள். பார்வோனாக ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, ‘முடியாது! எங்களைப் போக விடு!’ என்று குழந்தைகள் அதை எதிர்த்துச் சொல்லும் விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அநியாயத்துக்கு முடியாது என்று சொல்லிப் பழகுவதுதான் கதையின் உயிர். ராஜாவின் உத்தரவை மீறிக் குழந்தைகளைப் பிழைக்கவைத்த இரண்டு மருத்துவச்சிகள், சிப்பிராள், பூவாள் என்று பைபிளில் பெயரோடு இருக்கிறார்கள். அவர்களை வகுப்புகளில் இன்னும் அதிகம் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

தவளைக்கு வருவோம். பார்வோன் கேட்காததால் எகிப்தின் மேல் பத்து வாதைகள் வந்தன, இரண்டாவது தவளை. படுக்கையில், பாத்திரத்தில், மாவு பிசையும் தொட்டியில் எல்லாம் தவளை. எந்தக் குழந்தைக்கு அது பிடிக்காமல் போகும்? ஆகவே பிரீஸ்கூலில் தவளைதான் ராஜா. பேன், ஆலங்கட்டி, இருட்டு இவையும் வரும். பத்தாவது வாதை, தலைப்பிள்ளைகள் சாவது, இந்த வயதில் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பள்ளியில் சொல்லமாட்டோம். பெரிய அண்ணன் அக்கா மூலம் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருந்து கேட்டுவிட்டால், ‘ஆமாம், மிகவும் சோகமான பகுதி ஒன்று இருக்கிறது, அதற்காக நாங்களும் வருத்தப்படுகிறோம்’ என்று சொல்லிக் கோப்பையைக் காட்டுவோம். செடரில் ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் விரலால் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு திராட்சரசத்தைத் தொட்டுத் தட்டில் வைப்பார்கள். எதிரியே ஆனாலும் எகிப்தியர் பட்ட துன்பத்தால் நம் கோப்பையின் சந்தோஷம் அந்த அளவு குறைகிறது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். குழந்தைகள் மிகக் கவனமாகச் செய்வார்கள் இதை.

கடல் பிளப்பதற்கு இரண்டு நீலப் போர்வை போதும். இரண்டு பக்கமும் ஆசிரியைகள் பிடித்து ஆட்ட, நடுவில் ஓடுவார்கள். அன்றைக்குப் பத்துத் தடவையாவது கடல் பிளக்கவேண்டியிருக்கும்.

நாலு வயதில் தேவையா என்று கேட்டீர்கள். தேதி, வம்சம், தேசம் இதெல்லாம் தேவையில்லை, ‘ரொம்ப நாளைக்கு முன்னாடி’ என்பதே அவர்களுக்குப் போன வாரம்தான். ஆனால் கழுவுவது, தேடுவது, அவசரமாகக் கிளம்புவது, உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லாம் அவர்கள் வயதுக்கே உரிய வேலைகள். ஹகாதாவில் நாலு பிள்ளைகள் வருகிறார்கள்: புத்திசாலி, முரட்டுப் பிள்ளை, வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். நாலாவது பிள்ளைக்கு ‘நீயே அவனுக்குப் பேச்சைத் திறந்துவிடு’ என்று இருக்கிறது. பிரீஸ்கூல் ஆசிரியையின் வேலை அவ்வளவுதான். எங்கே கெட்டுப்போகிறது தெரியுமா? ஆசிரியை முன்கூட்டியே வெட்டி வைத்த பேப்பர்த் தட்டில், சொன்ன இடத்தில் சொன்ன படத்தை ஒட்டி, இருபது பேரும் ஒரே மாதிரி செடர் தட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது. அதில் குழந்தை கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் பையன் ஒரு கூடையோ தலையணை உறையோ கொண்டுவந்து, அது என்னவென்று உங்களுக்கே புரியாத மாதிரி இருந்தால் சந்தோஷப்படுங்கள், அவனே செய்திருக்கிறான்.

மாதிரி செடர் அன்று என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பண்டிகைக்குச் சில நாள் முன்னால் பகலில் வைப்பார்கள். மேசையில் ஒரு தட்டு. அதில் கர்பாஸ், பார்ஸ்லி மாதிரி ஒரு பச்சை, அதைக் கண்ணீரின் ஞாபகமாக உப்புத் தண்ணீரில் தொட்டுத் தின்பார்கள். மாரோர், அடிமை வாழ்வின் கசப்புக்காக, பெரியவர்களுக்குக் காரமான குதிரைமுள்ளங்கி, சின்னவர்களுக்கு லெட்டூஸ். நம் வீட்டுப் பிள்ளைகள் குதிரைமுள்ளங்கியையும் ஊறுகாய் தின்ற பழக்கத்தில் அசராமல் தின்பதைப் பார்த்திருக்கிறேன். ஹரோசெத், செங்கல் சாந்தைக் குறிக்கும் இனிப்பு. கிழக்கு ஐரோப்பிய வழியில் ஆப்பிள், வால்நட், பட்டை. மத்திய கிழக்கு வழியில் பேரீச்சம்பழம். பள்ளியில் அலர்ஜிக்காகக் கொட்டை போடாமல் செய்வார்கள். உங்கள் பையன் ஆப்பிள் நறுக்க உதவியிருப்பான். வேகவைத்த முட்டை ஒன்றும் சுட்ட எலும்பு ஒன்றும் இருக்கும். சைவமாயிற்றே என்று சங்கடப்படாதீர்கள், யாரும் அந்த எலும்பைத் தின்பதில்லை. பல இடங்களில் எலும்புக்குப் பதில் பீட்ரூட் வைக்கிறார்கள், அதற்கும் தால்முதிலேயே ஆதாரம் உண்டு. நாலு கோப்பை ஒயினுக்குப் பதில் திராட்சை ஜூஸ்.

நடுவில் ஒரு மட்சாவை உடைத்துப் பெரிய பாதியை ஒளித்துவைப்பார்கள். அதுதான் அஃபிகோமன். சாப்பாட்டின் முடிவில் அதைச் சாப்பிட்டால்தான் செடர் மேலே போகும், ஆகவே குழந்தைகள் கண்டுபிடித்துக் கொடுக்கும்வரை பெரியவர்கள் காத்திருக்கவேண்டும், பரிசும் கொடுக்கவேண்டும். எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கோப்பையை நிரப்பிவைத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். அவர் குடித்தாரா, ஜூஸ் குறைந்திருக்கிறதா என்று உங்கள் பையன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

மதம் பற்றிய உங்கள் கவலைக்கு: மறைக்காமல் சொல்லவேண்டும் என்றால், மதம் இருக்கிறது. கடவுள் பெயர் வரும், எபிரேய மொழியில் ஆசி சொல்வார்கள், குழந்தைகளும் கூடவே சொல்வார்கள். எவ்வளவு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் யூத மதம் ஆள் சேர்க்கும் மதம் இல்லை. மாற விரும்பி வருகிறவரையே மரபுப்படி முதலில் தயங்கவைத்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் பையன் வேறு வீட்டுப் பண்டிகைக்கு விருந்தாளியாகப் போகிறான் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ‘இது டேவிட் வீட்டுப் பண்டிகை, நம்ம வீட்டுல பொங்கல் மாதிரி’ என்று. குழந்தைகளுக்கு அதில் குழப்பமே வராது. எங்கள் வகுப்பில் பாதிக்குப் பாதி யூதர் அல்லாத பிள்ளைகள் இருந்த வருடமும் உண்டு.

இனி லஞ்ச். கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். சில பள்ளிகள் ஹமேட்ஸ் மட்டும் வேண்டாம் என்பார்கள், சில பள்ளிகள் அரிசி, பருப்பும் வேண்டாம் என்பார்கள், சில இடங்களில் வெளிச் சாப்பாடே வேண்டாம், பள்ளியே தரும். பல பள்ளிகள் பண்டிகையின் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் மூடியிருக்கும். சப்பாத்தி, பூரி, ரவை உப்புமா, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாம் எங்கேயும் கூடாது. அரிசி, பருப்பு வகைகளைக் கிட்னியோத் என்பார்கள். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் வழக்கமாக அதைத் தவிர்ப்பவர்கள், ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர்களில் பலர் சோறு சாப்பிடுவார்கள். 2015இல் அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் என்னும் சமயப் பிரிவின் சட்டக் குழு அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. ஆகவே உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் இட்லி, தயிர்சாதம் பற்றி முடிவு செய்யவேண்டும்.

நம் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் மாட்டிவிடுவது பெருங்காயம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். சாம்பார்ப் பொடி, புளியோதரைப் பேஸ்ட் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். கிட்னியோத் வேண்டாம் என்ற பள்ளியானால் தாளிப்பதும் முடியாது, கடுகும் உளுத்தம்பருப்பும் அந்தப் பட்டியலில்தான். வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, பழம், வெள்ளரிக்காய், கேரட் இவை எங்கேயும் சிக்கலில்லை. மிகக் கண்டிப்பான பள்ளியானால் தயிர், சீஸ்கூடப் பெசாக்குக்கு ஏற்றது என்ற முத்திரை போட்டதாக இருக்கவேண்டும்.

பண்டிகை முடிந்ததும் கடைகளில் மட்சா பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். உங்கள் பையன் வாங்கச் சொல்லி அடம் பிடிப்பான், வாங்குங்கள். கையால் நொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவைத்துவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்துப் புரட்டினால் நல்ல உப்புமா வரும். தண்ணீர் அதிகமானால் கூழாகிவிடும், ஒரு கை தெளிப்பு போதும். நொறுக்குகிற வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.